இடுப்பில் கைத்துப்பாக்கியுடன் ஒரு நாள்: டெக்சஸ் உரிமதாரர்களுக்கு ஒரு கையேடு

டெக்சஸ் மாநிலத்தில் கைத்துப்பாக்கி எடுத்துச்செல்லும் உரிமம் பெற விரும்புபவர் 4 முதல் 6 மணி நேரம் வகுப்பில் உட்கார்ந்து, எழுத்துத் தேர்வு எழுதி, 50 தோட்டாக்களைக் குறியட்டையில் சுட்டுக் காட்ட வேண்டும். சட்டம் என்ன சொல்கிறது, எப்படிக் குறிபார்ப்பது என்பவற்றை அந்த வகுப்பில் நன்றாகவே கற்றுக்கொண்டேன். ஆனால் இடுப்பில் செருகிய துப்பாக்கியோடு பொதுக் கழிப்பறைக்குப் போவது எப்படி, நான்கு மணி நேரம் கார் ஓட்டுவது எப்படி, ஓடிவரும் குழந்தையைத் தூக்குவது எப்படி என்பதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பல ஆண்டுகள் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டவற்றை, புதிதாக உரிமம் பெறும் தமிழ் நண்பர்களுக்காக இங்கே எழுதிவைக்கிறேன்.

இந்தத் தொல்லைகள் ஒவ்வொன்றும் பார்வைக்கு அற்பமானவை. இடுப்பில் குத்துகிறது, சட்டை தூக்கிக்கொள்கிறது, வியர்க்கிறது, உட்கார முடியவில்லை என்பவற்றை யாரும் ஆபத்து என்று எண்ணுவதில்லை. ஆனால் ஒவ்வொரு தொல்லையும் நம் கையைத் துப்பாக்கியை நோக்கி இழுக்கிறது. குத்துகிறதே என்று எடுத்துக் கார் இருக்கையில் வைக்கிறோம்; கழிப்பறையில் எடுத்து எங்கோ வைக்கிறோம்; கடை வாசலில் எடுத்துப் பெட்டியில் வைத்து, திரும்பிவந்ததும் மறுபடி செருகுகிறோம். டிரிகரை முழுதாக மூடும் நல்ல உறைக்குள் துப்பாக்கி அசையாமல் இருக்கும்வரை அதனால் தீங்கு நேர்வது அரிது. எடுப்பதும் செருகுவதும் மறந்துவிட்டு வருவதும்தான் விபரீதத்தில் முடிகின்றன. ஆகவே, காலையில் அணிந்த துப்பாக்கியை இரவு கழற்றும்வரை எத்தனை குறைவாகத் தொட முடியுமோ அத்தனை குறைவாகத் தொடும்படி நாளை அமைத்துக்கொள்வதுதான் கீழே சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் அடிப்படை.

தொடங்கும் முன் சட்டத்தைப் பற்றி இரண்டு செய்திகளைச் சொல்லிவிட வேண்டும். எச்1பி, எஃப்1 போன்ற தற்காலிக விசாக்களில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடைசெய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விதிவிலக்குகள் உண்டு என்றாலும், குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்காமல் அவற்றை நம்பி இறங்க வேண்டாம். கிரீன் கார்டு பெற்றவர்களுக்கும் குடிமக்களுக்கும் இந்தத் தடை இல்லை. இரண்டாவது செய்தி, 2021 செப்டம்பர் 1 முதல் 21 வயது நிரம்பிய, சட்டத் தடை எதுவும் இல்லாத ஒருவர் டெக்சஸில் உரிமம் இல்லாமலேயே கைத்துப்பாக்கி எடுத்துச்செல்லலாம் என்பது. அப்படியிருந்தும் உரிமத்தை வாங்கிக்கொள்ளும்படியே வற்புறுத்துவேன். பள்ளி வளாகத்திலிருந்து 1,000 அடிக்குள் துப்பாக்கி வைத்திருப்பதை 1990ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் ஒன்று தடுக்கிறது. அந்தந்த மாநிலம் வழங்கிய உரிமத்தை வைத்திருப்பவருக்கு அது விலக்கு அளிக்கிறது. நம்மவர்கள் வீடு வாங்கும் புறநகர்களில் பள்ளிக்கூடத்தைக் கடக்காமல் பால் வாங்கக்கூடப் போக முடியாது என்பதால், இந்த ஒரு காரணமே போதும்.

பெல்ட், உறை, இடம்

முதல் மாதத்தில் துப்பாக்கி குத்துகிறது, சரிகிறது, கனக்கிறது என்று நொந்துகொள்பவர்கள் துப்பாக்கியை மாற்றுவதற்கு முன் பெல்ட்டை மாற்றிப்பார்க்க வேண்டும். கிளாக் 19 துப்பாக்கி 15 தோட்டாக்கள் நிரப்பிய நிலையில் ஏறக்குறைய 850 கிராம் எடை கொண்டது. அலுவலகத்துக்கு அணியும் மெல்லிய தோல் பெல்ட்டில் இந்த எடையை ஒரு பக்கமாகத் தொங்கவிட்டால், பெல்ட் முறுகி, துப்பாக்கியின் பிடி உடலைவிட்டு வெளியே சாய்ந்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கால்சட்டையை மேலே இழுத்துவிட வேண்டியிருக்கும். அப்படி இழுத்துவிடும் கையே இங்கே ஏதோ இருக்கிறது என்று பார்ப்பவர்களுக்குக் காட்டிக்கொடுத்துவிடும். உள்ளே விறைப்பான பட்டை வைத்துத் தைத்த, ஒன்றரை அங்குல அகலமுள்ள பெல்ட் வாங்குங்கள். கால்சட்டைக்கு உள்ளே செருகும் உறையானால், வழக்கமாக வாங்கும் இடுப்பளவைவிட ஓர் அங்குலமோ இரண்டு அங்குலமோ பெரிய கால்சட்டை தேவைப்படும். பழைய கால்சட்டையிலேயே திணித்துக்கொண்டு மாலையில் இடுப்பில் சிவந்த தழும்போடு வீடு திரும்புகிறவர்கள், மூன்றாம் வாரம் துப்பாக்கியைக் காரிலேயே விட்டுவிடத் தொடங்குகிறார்கள்.

உறையைப் பொறுத்தவரை, கைடெக்ஸ் என்னும் கடினமான பிளாஸ்டிக்கில் அந்தத் துப்பாக்கியின் அச்சுக்கே வார்த்த உறையைத்தான் பரிந்துரைப்பேன். விலை மலிவான துணி உறைகள் துப்பாக்கியை எடுத்தவுடன் வாய் மூடிக்கொள்கின்றன. திரும்பச் செருக இன்னொரு கை வேண்டியிருக்கிறது. துணிக்கு மேலிருந்து அழுத்தினால் டிரிகர் நகரவும் கூடும். நல்ல உறை டிரிகரை முழுவதும் மூடியிருக்கும், துப்பாக்கி வெளியே இருக்கும்போதும் வாய் திறந்தே இருக்கும், தலைகீழாகப் பிடித்தாலும் துப்பாக்கியை விடாது.

இடுப்பைச் சுற்றி ஒரு கடிகார முகம் இருப்பதாகவும் தொப்புள் 12 மணி என்றும் வைத்துக்கொண்டால், வலக்கைக்காரர்கள் பெரும்பாலும் 4 மணிப் பக்கமோ 1 மணிப் பக்கமோ அணிகிறார்கள். முன்பக்கம் அணிவது மறைக்க எளிது, காரில் உட்கார்ந்திருக்கும்போதும் கைக்கு எட்டும். ஆனால் உட்காரும்போது பிடி வயிற்றிலும் குழல்முனை தொடையிடுக்கிலும் அழுத்தும். குழல் தொடையின் பெரிய தமனியைப் பார்த்திருப்பதால் செருகும்போது ஒரு கணம்கூடக் கவனம் சிதறக் கூடாது. சற்றுத் தொப்பை போட்ட பிறகு நான் 4 மணிப் பக்கத்துக்கு மாறிவிட்டேன். அதன் குறை, குனிந்தால் பிடி சட்டைக்குள் முட்டிக்கொண்டு தெரிவதும், கைவைத்த நாற்காலியில் உட்காரும்போது மரத்தில் 'டக்' என்று மோதுவதும். உணவகத்தில் கைப்பிடி இல்லாத நாற்காலியையோ சுவரோரத்து இருக்கையையோ தேடி உட்காரும் பழக்கம் தானாகவே வந்துவிடும்.

எந்த இடத்தில் அணிந்தாலும், காலையில் துப்பாக்கியை முதலில் உறைக்குள் செருகி, பிறகு உறையோடு சேர்த்து இடுப்பில் மாட்டிக்கொள்ளுங்கள். இடுப்பிலிருக்கும் உறைக்குள் துப்பாக்கியைச் செருகும்போது சட்டை நுனியோ, மேலங்கியின் இழுகயிறோ, அதன் முனையிலுள்ள பிளாஸ்டிக் குமிழோ டிரிகர் வளையத்துக்குள் புகுந்துகொண்டால், நாம் அழுத்துவது போலவே அது டிரிகரை அழுத்திவிடும். கழற்றும்போதும் உறையோடு கழற்றினால், துப்பாக்கியின் உலோகத்தில் நாள் முழுவதும் கைபடாமலே போய்விடும்.

கார்

அமெரிக்கக் காரில் ஓட்டுநரின் சீட் பெல்ட் கொக்கி வலது இடுப்பருகே இருக்கிறது. வலக்கைக்காரரின் துப்பாக்கியும் மிகச்சரியாக அங்கேதான் இருக்கிறது. உட்கார்ந்ததும் சட்டையின் கீழ்விளிம்பை முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டு, இடுப்பைச் சுற்றிவரும் பட்டை துப்பாக்கிப் பிடிக்கு அடியில் போகும்படி மாட்டுங்கள். இறங்கும்போது பட்டை சட்டையை இழுத்துக்கொண்டு போய்ப் பிடிக்குப் பின்னால் செருகிவிடும். நமக்கு அது தெரியாது, பின்னால் வருகிறவருக்குத் தெரியும். ஆகவே காரைவிட்டு இறங்கியதும், கதவை மூடும் முன், வலது கட்டைவிரலால் சட்டை விளிம்பை ஒருமுறை தடவிப்பார்த்துக்கொள்வதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். துப்பாக்கியைத் தொட வேண்டாம், துணியை மட்டும் தொட்டால் போதும்.

ஹூஸ்டனிலிருந்து டாலஸுக்கு ஏறக்குறைய 240 மைல். முதல் ஒரு மணி நேரத்துக்குப் பிறகு, உறையின் அடிமுனை தொடையெலும்பின் மேல் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மறுக்கும். அப்போது துப்பாக்கியை உருவி, கோப்பை வைக்கும் குழியிலோ இருக்கை இடுக்கிலோ வைக்கத் தோன்றும். திடீரென்று பிரேக் அடித்தால் அது எங்கே போகுமென்று யாராலும் சொல்ல முடியாது. உறையில்லாத துப்பாக்கி கண்ணில் படும்படி காரில் கிடப்பது டெக்சஸ் சட்டத்துக்கும் புறம்பானது. ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி, இறங்கி நடந்துவிட்டு வருவதே இதற்கு மருந்து. இருக்கையின் சாய்வை வழக்கத்தைவிட ஓரிரு படி நிமிர்த்துவதும், முதுகுக்குச் சிறு தலையணை கொடுத்துத் துப்பாக்கி இருக்கும் பக்கத்தில் இடைவெளி உண்டாக்குவதும் நன்றாகவே உதவுகின்றன.

காவலர் காரை நிறுத்தினால், இரவாக இருந்தால் உள்விளக்கைப் போட்டுவிட்டு இரண்டு கைகளையும் ஸ்டியரிங் மேல் வையுங்கள். அடையாள அட்டை கேட்கும்போது துப்பாக்கி உடன் இருந்தால், ஓட்டுநர் உரிமத்தோடு துப்பாக்கி உரிமத்தையும் காட்ட வேண்டும் என்கிறது டெக்சஸ் சட்டம். உங்கள் பர்ஸ் துப்பாக்கி இருக்கும் பக்கத்துப் பையில் இருக்குமானால் இதைவிடச் சங்கடமான நேரம் வேறில்லை. பர்ஸை இடப்பக்கத்துக்கு மாற்றிவிடுங்கள். கையை நகர்த்தும் முன், எங்கே நகர்த்தப்போகிறீர்கள் என்பதை வாயால் சொல்லுங்கள்.

கழிப்பறை

இதைப் பற்றிப் பேசக் கூச்சப்படுகிறார்கள். ஆனால் எனக்குத் தெரிந்தவரை, நாளின் மிக ஆபத்தான இடம் இதுதான். பெல்ட்டை அவிழ்த்த கணமே துப்பாக்கியின் முழு எடையும் கால்சட்டையைத் தரைக்கு இழுக்கிறது. அமெரிக்கப் பொதுக் கழிப்பறைகளின் தடுப்புகள் தரைவரை இறங்குவதில்லை. கணுக்காலருகே கிடக்கும் கால்சட்டையில் என்ன இருக்கிறது என்பது அடுத்த அறையில் இருப்பவருக்கு நன்றாகத் தெரியும்.

உரிமம் வாங்கிய முதல் மாதத்தில், நெடுஞ்சாலையோரத்து ஓய்விடம் ஒன்றில், துப்பாக்கியை உருவிக் கழிப்பறைத் தாள் சுருள் மாட்டியிருந்த உலோகப் பெட்டியின் மேல் வைத்தேன். வேலை முடிந்தது, பெல்ட்டைப் பூட்டினேன், வெளியே வந்து குழாயைத் திறந்து கைக்குச் சோப்பு போட்டேன். இடுப்பு லேசாக இருக்கிறதே என்று தோன்றியபோது, கண்ணாடியில் எனக்குப் பின்னால் எட்டு வயதுகூட இருக்காத ஒரு பையன் அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டிருந்தான். சோப்புக் கையோடு ஓடி, மன்னிக்க வேண்டும் தம்பி என்று தமிழிலேயே சொல்லிக்கொண்டு அவனுக்கு முன்னால் நுழைந்தேன். அது இருந்த இடத்திலேயே இருந்தது. அன்றிலிருந்து இதுவரை எந்தக் கழிப்பறையிலும் துப்பாக்கியை உறையைவிட்டு எடுத்ததில்லை.

எடுக்காமல் சமாளிப்பது இப்படித்தான். கதவைத் தாழிட்டதும், வலது கையால் பெல்ட்டை உறைக்கு வெகு அருகில் இறுகப் பிடித்துக்கொண்டே இடக்கையால் கொக்கியை அவிழ்க்க வேண்டும். கால்சட்டையை முழங்காலுக்குக் கீழே இறங்கவிடாமல் உட்கார்ந்து, பெல்ட்டைத் தளர்வாக மறுபடி பூட்டிவிட்டால், விரிந்த முழங்கால்களுக்கு நடுவே கால்சட்டை விறைப்பாக நிற்கும். துப்பாக்கி உறைக்குள்ளேயே, நம் கண்முன்னேயே இருக்கும். எழும்போதும் உறையைப் பிடித்துக்கொண்டுதான் எழ வேண்டும். தாள் பெட்டியின் மேலும் தொட்டியின் மேலும் தரையிலும் வைக்கவே கூடாது. கதவுக் கொக்கியில் டிரிகர் வளையத்தை மாட்டுவது இவை எல்லாவற்றிலும் கொடியது; எடுக்கும்போது கொக்கியே டிரிகரை அழுத்தலாம், வெளியிலிருந்து ஒருவர் கையை நீட்டி எடுத்துக்கொண்டும் போகலாம். நான்கு பக்கமும் சுவருள்ள தனி அறையாகக் குடும்பக் கழிப்பறை இருந்தால் அதையே நாடுங்கள். காலையில் வீட்டிலேயே வயிற்றைச் சுத்தம் செய்துவிட்டுக் கிளம்புவது எல்லாவற்றிலும் மேலானது.

உடையும் உடல்மொழியும்

கறுப்பு, கருநீலம், கட்டம்போட்டது, பூப்போட்டது ஆகிய சட்டைகளில் துப்பாக்கியின் விளிம்பு தெரிவதில்லை. வெளிர்நிற மெல்லிய டி-சட்டையில் மேடுபள்ளம் அப்படியே தெரியும். கோடையில் 38, 40 டிகிரி செல்சியஸ் வெயிலில் மேலங்கி போட்டுக்கொண்டு திரிவது அதைவிட அதிகமாகக் கண்ணை உறுத்தும். ஓர் அளவு பெரிதான, கீழ்விளிம்பு நேராக வெட்டப்பட்ட அரைக்கைச் சட்டையே எனக்குச் சரியாக வந்தது. கீழே விழுந்ததை எடுக்க இடுப்பிலிருந்து குனியாமல் முழங்காலை மடக்கி உட்கார்ந்து எடுக்க வேண்டும்; உயரத்திலுள்ளதைத் துப்பாக்கி இல்லாத பக்கத்துக் கையால் எடுக்க வேண்டும்.

இந்தியச் சாமான் கடையில் ஒருநாள் மேல்தட்டிலிருந்த பெருங்காய டப்பாவுக்கு வலது கையை நீட்டினேன். பின்னால் நின்ற, மகன் வீட்டுக்கு ஊரிலிருந்து வந்திருப்பவர் போலத் தோன்றிய அம்மா ஒருவர் கூடையோடு இரண்டு அடி பின்வாங்கி, ஒன்றும் பேசாமல் அடுத்த வரிசைக்குப் போய்விட்டார். உரிமதாரர் கைத்துப்பாக்கியை உறையிலிட்டு வெளியே தெரியும்படி அணிவதும் 2016 ஜனவரி முதல் டெக்சஸில் சட்டப்படி சரியே. ஆகவே நான் செய்தது குற்றமாகாது. ஆனால் அந்த அம்மாவுக்குச் சட்டம் தெரியவா போகிறது? ஒரு நல்ல மனுஷியை என் அஜாக்கிரதையால் பயமுறுத்திவிட்டேன் என்பது இன்றும் எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. மறைப்பது என்று தீர்மானித்தவர் முழுமையாக மறைக்கக் கடமைப்பட்டவர்.

இங்குள்ளவர்கள் சந்தித்தால் கட்டிக்கொள்வார்கள். நம் முழங்கைகளைத் தாழ்த்தி, கைகளை அவர்கள் கைகளுக்கு அடியில் கொண்டுபோனால், அவர்கள் கை நம் தோளுக்கு மேல் போகும், இடுப்புக்கு வராது. கைகூப்பி வணக்கம் சொல்லும் நம் வழக்கம் இந்த விஷயத்தில் பேருதவி. குழந்தை ஓடிவந்தால் துப்பாக்கி இல்லாத பக்கத்து இடுப்பில் ஏந்துங்கள். முதுகில் உப்புமூட்டை தூக்குவதை அன்றைக்கு விட்டுவிடுங்கள்.

கோயிலும் நண்பர் வீடும்

வழிபாட்டிடங்களின் நிலையை டெக்சஸ் 2019இல் தெளிவுபடுத்தியது: கோயில் நிர்வாகம் அறிவிப்பு வைத்துத் தடுக்காதவரை உரிமதாரர் எடுத்துச்செல்லலாம். இருந்தும் நான் எடுத்துச்செல்வதில்லை. வேட்டி கட்டினால் செருக இடமில்லை. கால்சட்டையோடு போனாலும் சம்மணமிட்டு உட்கார்ந்தால் பிடி பின்னால் துருத்தும். சாஷ்டாங்கமாக விழுந்து வணங்கினால் சட்டை முதுகுவரை ஏறும். அன்னதானத்தில் குனிந்து பரிமாற முடியாது. இந்த நான்கையும் செய்யாமல் கோயிலில் இருப்பதற்குப் பதில், துப்பாக்கியை வீட்டுப் பெட்டகத்தில் வைத்துவிட்டுப் போவதே மேல் என்று முடிவு செய்தேன். வேறு விதமாக முடிவு செய்பவர்களும் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். அவர்களுடைய காரணங்களும் மதிப்புக்குரியவையே.

நண்பர் வீட்டு விருந்துக்குப் போகும்போது முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். நம் வீடுகளில் தரையில் உட்காருவோம், பிள்ளைகள் மேலே ஏறி விளையாடுவார்கள், பெரியவர்கள் காலில் விழுவோம். வேண்டாம் என்று அவர்கள் சொன்னால், அதை மனத்தாங்கலாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மது அருந்தப்போகிறீர்கள் என்றால் கேட்கவே தேவையில்லை, வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். போதையில் துப்பாக்கி எடுத்துச்செல்வது டெக்சஸில் குற்றம்.

பெண்களின் சிரமம் வேறு வகையானது. சுடிதாருக்கும் புடைவைக்கும் பெல்ட் கிடையாது. இயல்பாகவே கைப்பைக்குள் வைக்கத் தோன்றும். 2014 டிசம்பரில் ஐடஹோ மாநிலத்தின் ஹேடன் நகரில், கடையில் தள்ளுவண்டியில் உட்கார்ந்திருந்த இரண்டு வயதுக் குழந்தை தாயின் கைப்பையிலிருந்த துப்பாக்கியை எடுத்துச் சுட்டதில் அந்தத் தாய் இறந்துபோனார். அந்தப் பை துப்பாக்கி வைப்பதற்கென்றே தனி அறையோடு தயாரிக்கப்பட்டதுதான். குழந்தை உள்ள தாய்மார்கள் கைப்பையைத் தவிர்த்து, இடுப்பைச் சுற்றி அணியும் அகலமான எலாஸ்டிக் பட்டையை, டிரிகரை மூடும் கடின உறையோடு சேர்த்துப் பயன்படுத்துவது நல்லது. பதினேழு வயதுக்குட்பட்டவர் கைக்கு எட்டும்படி தோட்டா நிரப்பிய துப்பாக்கியை விட்டுவைப்பதும் டெக்சஸில் குற்றம் என்பதை நினைவில் வைத்திருங்கள்.

நுழையக் கூடாத இடங்கள்

பள்ளிக் கட்டடம், நீதிமன்றம், வாக்குச்சாவடி, விமான நிலையத்தில் பாதுகாப்புச் சோதனையைத் தாண்டிய உட்பகுதி, வருமானத்தில் 51 விழுக்காடோ அதற்கு மேலோ அங்கேயே அருந்தும் மது விற்பனையால் பெறும் விடுதி ஆகியவை தடைசெய்யப்பட்டவை. விடுதியின் வாசலில் சிவப்பு எழுத்தில் 51% என்று பலகை இருக்கும். தனியார் கடைகள் 30.06 என்னும் சட்டப்பிரிவைக் குறிப்பிட்டு, ஆங்கிலத்திலும் ஸ்பானிய மொழியிலும் ஓர் அங்குல உயர எழுத்தில் பலகை வைத்திருந்தால், மறைத்து எடுத்துச்செல்லும் உரிமதாரரும் உள்ளே போகக் கூடாது. கதவைத் தள்ளும் முன் கண்ணை இரு பக்கமும் ஓட்டிப் படித்துவிடுங்கள். அஞ்சல் அலுவலகங்களில், வண்டி நிறுத்துமிடம் உட்பட, துப்பாக்கியைத் தடுக்கும் கூட்டாட்சி விதி ஒன்று உண்டு. அதன் மேல் வழக்குகள் நடந்திருக்கின்றன. அதைச் சோதித்துப்பார்க்கும் ஆளாக நாம் இருக்க வேண்டியதில்லை. மருத்துவமனைக்கும் எடுத்துப்போகாதீர்கள். எம்ஆர்ஐ அறையின் காந்தம் துப்பாக்கியைக் கையிலிருந்தே பறித்துவிடும் வலிமை கொண்டது.

இப்படிப் பட்டியலைப் பார்த்தால், சாதாரணமான ஒரு செவ்வாய்க்கிழமையில் மூன்று இடங்களில் துப்பாக்கியைக் காரில் வைத்துவிட்டுப் போக வேண்டியிருக்கும் என்பது புரியும். அதனால் காரில் ஓர் இரும்புப் பெட்டி கட்டாயம் வேண்டும். இருக்கையின் இரும்புச் சட்டத்தோடு கம்பிவடத்தால் பிணைக்கும் சிறு பெட்டி போதும். முன்னிருக்கைக்கு எதிரேயுள்ள சிறு பெட்டியும் (குளோவ் பாக்ஸ்) இருக்கைக்கு அடியும் பாதுகாப்பான இடங்கள் அல்ல. திருடன் முதலில் பார்ப்பதே அவற்றைத்தான். போய்ச் சேர்ந்த இடத்தில் நிறுத்திவிட்டு எல்லோரும் பார்க்கக் கழற்றாமல், கிளம்பும் இடத்திலேயே கழற்றிப் பெட்டியில் வைத்துவிடுங்கள். உறையோடு கழற்றி, உறையோடு வைத்து, உறையோடு மாட்டுங்கள். தோட்டாவை வெளியே எடுக்க வேண்டாம். ஒவ்வொரு முறையும் சேம்பரிலிருந்து (சுடத் தயாராகத் தோட்டா உட்காரும் குழலறை) எடுத்து அதே தோட்டாவை மறுபடி ஏற்றினால், அதன் முனைக்குண்டு சிறிது சிறிதாகக் கூட்டுக்குள் அமுங்கும். அப்படி அமுங்கிய தோட்டாவைச் சுட்டால் துப்பாக்கிக்குள் அழுத்தம் அளவுமீறி உயரும். சந்தேகமிருந்தால் பெட்டியிலிருந்து புதிய தோட்டா ஒன்றை எடுத்து இரண்டையும் மேசைமேல் நிறுத்தி உயரத்தை ஒப்பிடுங்கள். குட்டையாகத் தெரிவதை ஒதுக்கிவிடுங்கள்.

வியர்வை

ஹூஸ்டன் புழுக்கத்தில் ஜூன் முதல் செப்டம்பர் வரை உடலையொட்டிய பக்கம் எப்போதும் ஈரமாகவே இருக்கும். தோலுக்கும் உறைக்கும் நடுவே பருத்தி உள்பனியன் அணிந்தால் வேர்க்குரு வராது, துப்பாக்கிக்கும் நல்லது. இன்றைய துப்பாக்கிகளின் மேற்பூச்சு எளிதில் துருப்பிடிக்காது என்றாலும், திருகுகள், குறிமுனை, தோட்டாக்களை அடுக்கும் மேகசினின் விளிம்பு ஆகிய இடங்களில் செம்புள்ளிகள் தோன்றும். வாரம் ஒருமுறை தோட்டாவை இறக்கி, சேம்பர் காலி என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்து, உலர்ந்த துணியால் துடைத்து, உலோகத்தில் எண்ணெயை மிக மெல்லியதாகப் பூசுங்கள். தோட்டாவின் அடிப்பாகத்தில் எண்ணெய் படக் கூடாது. உள்ளே கசிந்தால் தேவையான நேரத்தில் வெடிக்காமல் போகலாம். சட்டைப் பஞ்சு குழல்வாயிலும் டிரிகருக்குப் பின்னாலும் சேர்ந்திருக்கும். பழைய பல்துலக்கியே அதற்குப் போதும்.

பயணமும் ஊரும்

அமெரிக்க விமான நிலையச் சோதனைகளில் 2023இல் மட்டும் 6,737 துப்பாக்கிகள் பிடிபட்டன. அவற்றில் பெரும்பாலானவை தோட்டா நிரப்பியவை. பையில் இருப்பதையே மறந்துவிட்டேன் என்பதுதான் அங்கே வழக்கமாகக் கேட்கும் பதில். அபராதம் ஆயிரக்கணக்கான டாலர். விமானத்தில் கொண்டுபோக வேண்டுமென்றால், தோட்டாவை இறக்கி, பூட்டிய கடினமான பெட்டியில் வைத்து, சரக்கில் போடும் பெட்டிக்குள் இட்டு, விமான நிறுவனத்தின் முகப்பில் சொல்லிவிட வேண்டும். போய் இறங்கும் மாநிலம் டெக்சஸ் உரிமத்தை ஏற்கிறதா என்று முன்பே பார்த்துவிடுங்கள்; கலிஃபோர்னியா, நியூயார்க், நியூஜெர்சி, இல்லினாய் ஆகியவை ஏற்பதில்லை.

சென்னைக்குக் கிளம்பும்போது இதைவிடக் கவனம் வேண்டும். இந்தியாவில் உரிமம் இல்லாமல் ஒற்றைத் தோட்டா வைத்திருந்தாலும் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் பாயும். பையின் மூலையில் மறந்துபோன ஒரு தோட்டாவுக்காக விமான நிலையத்தில் பிடிபட்டு, தெரிந்து வைத்திருக்கவில்லை என்று உயர் நீதிமன்றம்வரை போய் நிரூபித்து வழக்கிலிருந்து விடுபட்டவர்கள் இருக்கிறார்கள். சுடும் பயிற்சிக்கு ஒரு பை, பயணத்துக்கு வேறு பை என்று முதல் நாளிலிருந்தே பிரித்துவிடுங்கள். அப்படிப் பிரித்திருந்தும், போன முறை கிளம்புவதற்கு முந்தைய இரவு, என் மனைவி முதுகுப்பையைக் கட்டில்மேல் தலைகீழாகக் கவிழ்த்து உதறியபோது, பேனா வைக்கும் மடிப்பிலிருந்து 9 மில்லிமீட்டர் தோட்டா ஒன்று போர்வையின்மேல் விழுந்தது. எல்லாப் பைகளையும், பிள்ளைகளின் பைகளையும் சேர்த்து, ஒவ்வொரு ஜிப்பையும் திறந்து, தையலோரமாக விரல்விட்டுத் தடவி, கடைசியில் கவிழ்த்து உதறிப் பாருங்கள். மேலங்கிப் பைகளையும் மறக்காதீர்கள்.